தடய அறிவியல்: படிப்பு பெருகுகிறது, பணியிடம்?

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதிக்குப் போன ஓர் இளம் ஜோடி 2011 மே மாதத்தில் கொடூரமாகக் கொல்லப்பட்டது. அந்த வழக்கில் ஒருவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வழக்கின் முதுகெலும்பாக இருந்த டிஎன்ஏ சான்றை நீதிபதிகள் நம்ப மறுத்துவிட்டார்கள். மாதிரிகளைச் சேகரித்ததிலிருந்து அவை ஆய்வகம் போய்ச் சேரும் வரை யார் கையில், எந்த நிலையில் இருந்தன என்பதை அரசுத் தரப்பால் சரிவரச் சொல்ல முடியவில்லை. ஒருவர் ஆண்டுக்கணக்கில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்துவிட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்கு, கொன்றது யார் என்ற பதில் இன்றுவரை நீதிமன்றத்திலிருந்து கிடைக்கவில்லை.

தீர்ப்போடு நிற்காமல், நாடு முழுமைக்குமான நெறிமுறைகளையும் அந்த அமர்வு வகுத்தது. மாதிரி எடுத்ததும் முறையாகப் பொதிய வேண்டும். வழக்கு எண், சட்டப் பிரிவு, காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் விவரம் எல்லாவற்றையும் குறித்து, மருத்துவரும் அதிகாரியும் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் பொதி ஆய்வகத்தில் இருக்க வேண்டும். தாமதமானால் காரணம் பதிவாக வேண்டும். வழக்கு நடக்கும்போது விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் யாரும் அதைத் திறக்கக் கூடாது. கைமாறிய ஒவ்வொரு கட்டமும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இவற்றில் எதற்கும் விலை உயர்ந்த கருவி தேவையில்லை. தடய அறிவியல் மாணவர் முதல் ஆண்டிலேயே படிக்கிற பாடம் இது. 2012-இல் ஓர் இளம்பெண் கடத்திக் கொல்லப்பட்ட டெல்லி சாவ்லா வழக்கிலும் இதே கதைதான். பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27-ஆம் தேதி வரை காவல் நிலையச் சொத்து அறையில் கிடந்தன. கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தூக்கு விதித்த மூன்று பேரை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது இந்த இடைவெளியையும் சுட்டிக்காட்டியது.

குற்றவியலோ தடய அறிவியலோ படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, சுருளி வழக்கின் தீர்ப்பை வாசியுங்கள் என்பதுதான். கல்லூரி விளம்பரத்தில் இருக்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியையும் மஞ்சள் நாடாவையும் விட, இந்தத் தொழில் எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாகக் காட்டும்.

எது எந்தப் படிப்பு?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க வருகிற பெற்றோர்களில் பெரும்பாலோர் மூன்று தனித்தனித் துறைகளை ஒன்றாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். குற்றவியல் ஒரு சமூக அறிவியல். குற்றம் ஏன் நடக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது, தண்டனையால் என்ன பயன், சிறையிலிருந்து வெளியே வருகிறவர் மறுபடி உள்ளே போகாமலிருக்க என்ன செய்யலாம் என்பவை அதன் கேள்விகள். தடய அறிவியல் ஆய்வகப் படிப்பு. வேதியியலையும் உயிரியலையும் இயற்பியலையும் கணினி அறிவையும் நீதிமன்றச் சான்றுக்காகக் கையாளக் கற்றுத்தருவது. பிரேதப் பரிசோதனை இந்த இரண்டிலும் வராது. அது எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவரின் வேலை. அதில் வல்லுநராக வேண்டுமென்றால் சட்ட மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். பி.எஸ்சி. தடய அறிவியல் சேர்ந்து, பிணக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சேர்க்கை நாளன்று கல்லூரி இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கியிருந்தால் இந்த ஏமாற்றம் வந்திருக்காது.

ஆய்வகத்தின் அன்றாடம் எப்படி இருக்கும்? நச்சியல் பிரிவைப் பார்ப்போம். விஷம் குடித்து இறந்ததாகச் சொல்லப்படுகிற ஒருவரின் உடலிலிருந்து இரைப்பை, அதில் இருந்த உணவு, குடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகத் துண்டுகள் ஆகியவற்றை மருத்துவர் எடுத்து, செறிந்த உப்புக் கரைசல் ஊற்றிய புட்டிகளில் இடுகிறார். வெறும் உப்புக் கரைசல் மட்டும் உள்ள ஒரு புட்டியும் கூடவே வரும்; விஷம் கரைசலிலிருந்தே வந்துவிடவில்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஒவ்வொரு மூடியிலும் அரக்கு முத்திரை. அந்த முத்திரையின் மாதிரி தனியாக ஒரு தாளில், நீதிமன்றக் கடிதத்தோடு வரும். காவலர் பெட்டியை ஆய்வகத்தின் பெறுகை மேசையில் வைத்ததும் அங்குள்ள அலுவலர் முதலில் பார்ப்பது, அரக்கு உடையாமல் இருக்கிறதா, தாளில் உள்ள மாதிரியோடு அச்சு ஒத்துப்போகிறதா, கடிதத்தில் எழுதிய எண்ணிக்கையும் வந்த புட்டிகளும் சரியா என்பதைத்தான். ஒன்று பிசகினாலும் வாங்கக் கூடாது. நூறு கிலோமீட்டர் பேருந்தில் வந்து நிற்கிற காவலரின் முகத்தைப் பார்த்து இரங்கி வாங்கிவிட்டால், நாலு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த இரக்கத்துக்கு ஒரு வழக்கே விலையாகும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் திசுவை நறுக்கி, அரைத்து, கரைப்பானில் விஷத்தைப் பிரித்தெடுத்து, குரோமட்டோகிராஃபி கருவிக்குக் கொண்டுபோவது. இங்கேயும் ஊர் அறிவு வேண்டும். அரளி விதை, ஒடுவந்தழை, கொங்குப் பகுதியின் சாணிப் பவுடர், எலி பேஸ்ட், பலவகைப் பூச்சி மருந்து என்று நம் ஊர்ச் சாவுகளுக்குப் பின்னாலிருக்கிற நஞ்சுகளை வெளிநாட்டுப் பாடநூல்கள் அவ்வளவு விரிவாகச் சொல்லித்தராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் மெத்தனால் இருந்ததை அறுதியிட்டுச் சொல்லவும் இப்படியொரு ஆய்வக மேசைதான் வேண்டியிருந்தது.

நாற்றம் உண்டு, சலிப்பு உண்டு, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை உண்டு. மாதக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் வழக்குகள் உண்டு. இறந்தவரின் பெயர்கூடப் பல நேரங்களில் ஒரு எண்ணாகத்தான் தெரியும். கைது செய்யும் அதிகாரமோ, யாரையும் விசாரிக்கும் அதிகாரமோ கிடையாது. இதை அறிந்து, அறிந்த பிறகும் விரும்பி வருகிறவர்தான் இந்தத் துறைக்கு வேண்டும். அப்படி வந்தவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு.

இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் அன்றைய மெட்ராஸில்தான் தொடங்கியது. கல்கத்தாவில் 1853-இலும், ஆக்ராவில் 1864-இலும், பம்பாயில் 1870-இலும் பின்தொடர்ந்து வந்தன. இன்று மயிலாப்பூரில் இருக்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறை அந்த மரபின் தொடர்ச்சி. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, இந்தத் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன், சிதறிக்கிடந்த துணித் துண்டுகள், மின்கம்பிகள், எஃகுச் சிறுகுண்டுகள், உடல் பாகங்கள் ஆகியவற்றிலிருந்து நடந்ததை மீட்டெடுத்தார். குண்டு மேடையிலோ பூங்கொத்திலோ இல்லை, ஒரு பெண்ணின் இடுப்புப் பட்டையில் இருந்தது என்று நிறுவியது அந்தப் பணி. வழக்கின் போக்கையே அது தீர்மானித்தது. 2000-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. உலகக் கவனம் பெற்ற ஒரு வழக்கில் உள்ளூர் ஆய்வகமும் உள்ளூர் விஞ்ஞானிகளும் செய்துகாட்டிய வேலை அது என்பதை நம் கல்லூரிகளே மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சட்டம் கேட்கிறது

இந்தப் படிப்புக்கு இப்போது புதிதாக ஒரு நியாயம் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆவது பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க எல்லாக் குற்றங்களிலும் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு நேரில் போய்ச் சான்று சேகரிக்க வேண்டும், அதைக் காணொளியாகவும் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. மாநிலங்கள் தயாராவதற்கு அதிகபட்சம் ஐந்தாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, போதைப்பொருள் எனக் கணக்கிட்டால் ஒரு மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு இடங்களுக்கு ஆள் போக வேண்டியிருக்கும். மாவட்டத் தலைநகரில் ஒரு நடமாடும் பிரிவை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது.

மின்னணுச் சான்றின் நிலையும் இதேதான். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, கைபேசிப் பதிவையோ கண்காணிப்புக் கேமராக் காட்சியையோ தாக்கல் செய்யும்போது வைக்கிற சான்றிதழில் ஒரு பகுதியை வல்லுநர் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹேஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். இன்று கைபேசி சம்பந்தப்படாத வழக்கு எது? தாலுகா அளவில் இதற்கு ஆள் வேண்டும்.

மத்திய அரசு ஒரு பக்கம் வேலையைத் தொடங்கிவிட்டது. குஜராத்தில் மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்ததை 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாக உயர்த்தி, பல மாநிலங்களில் அதன் வளாகங்களைத் திறந்துவருகிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை தடய அறிவியல் கட்டமைப்புக்காக 2,254.43 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கட்டடமும் கருவியும் வரும். ஆள்? நாடு முழுவதும் ஆய்வகங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் காலியாகக் கிடப்பதை டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 2023-இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. ஆய்வக அறிக்கை தாமதமாவதால் பிணை கிடைக்காமல் சிறையில் இருப்பவர்களையும், அதே தாமதத்தால் பிணையில் வெளியே வந்துவிடுகிற ஆபத்தானவர்களையும் நீதிமன்ற வளாகத்தில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

ஒரு பக்கம் காலியிடம், மறுபக்கம் பட்டம் வாங்கிக்கொண்டு கால் சென்டரில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். இது எப்படி நேர்கிறது என்று பார்த்தால், ஆள் எடுப்பது நின்று நின்று நடக்கிறது. தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கான இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. ஆனால் ஓர் அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் இடையே ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து வெளியேறிவிடுகிறார்கள். விரல்ரேகைப் பிரிவு காவல் துறைக்குள் இருப்பதால் அதற்கான சார்பு ஆய்வாளர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தனியே எடுக்கிறது. இந்த இரண்டு வாசல்களும் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

இன்னொரு சிக்கல் கல்லூரிகள் உண்டாக்கியது. தேவை பெருகுகிறது என்ற செய்தி வந்ததும் தனியார் கல்லூரிகள் பல இளநிலைத் தடய அறிவியல் வகுப்பைத் திறந்துவிட்டன. ஒப்பீட்டு நுண்ணோக்கி ஒன்றுகூட இல்லாமல், குரோமட்டோகிராஃபியைப் படத்தில் மட்டும் காட்டி மூன்றாண்டுகளை ஓட்டும் கல்லூரிகளைப் பற்றி மாணவர்களே வந்து சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பொம்மையைச் சுற்றி நாடா கட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு சம்பவ இடப் பயிற்சி முடிந்துவிடுகிறது. இப்படிப் படித்தவரை எந்த ஆய்வகமும் கருவியின் பக்கம் விடாது. விடவும் கூடாது.

அதனால் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்கிற வழி ஒன்று உண்டு. இதில் கருத்து வேறுபடுகிற ஆசிரிய நண்பர்கள் இருக்கிறார்கள். இளநிலையில் வேதியியலோ உயிரியலோ இயற்பியலோ கணினி அறிவியலோ நன்றாகப் படியுங்கள். முதுநிலையில் தடய அறிவியலுக்கு வாருங்கள். ஆய்வகப் பிரிவுகள் எல்லாமே ஏதோ ஓர் அடிப்படை அறிவியலின் மேல்தான் நிற்கின்றன. டிஎன்ஏ பிரிவில் நிற்பவருக்கு மரபியல் தெரிய வேண்டும், துப்பாக்கிப் பிரிவில் நிற்பவருக்கு இயற்பியல் தெரிய வேண்டும். அரசுத் தேர்வுகளிலும் அடிப்படை அறிவியல் முதுநிலைக்காரர்களுக்கு இடமுண்டு. தடய அறிவியலில் வேலை கிடைக்கத் தாமதமானாலும் மருந்து நிறுவனத்திலோ நீர், உணவுப் பரிசோதனைக் கூடத்திலோ பிழைத்துக்கொள்ளலாம். இளநிலையிலேயே சேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால், சேருவதற்கு முன் கல்லூரியின் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். கருவி ஓடுகிறதா என்று கேளுங்கள். கடைசியாக அதில் எந்த மாதிரியை ஓட்டினீர்கள் என்று மாணவரிடமே கேளுங்கள். ஆசிரியர்களில் எத்தனை பேர் நெட் தேர்வு பெற்றவர்கள் என்றும் விசாரியுங்கள். குற்றவியலும் தடய அறிவியலும் அந்தத் தேர்வில் தனித்தனிப் பாடங்களாகவே இருக்கின்றன.

குற்றவியலை யார் கேட்பது?

ஆய்வகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அதன் பக்கத்தில் குற்றவியல் சத்தமில்லாமல் ஒதுங்கிக் கிடக்கிறது. தமிழ்நாடு இந்தத் துறையில் முன்னோடி என்பதை நாமே மறந்துவிட்டோம். இந்தியக் குற்றவியல் சங்கம் 1970-இல் சென்னையில்தான் உருவானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையிலிருந்து வந்த பேராசிரியர் கே. சொக்கலிங்கம் போன்றவர்கள் பாதிக்கப்பட்டோர் இயல் என்ற துறை இந்தியாவில் வேரூன்ற உதவினார்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ஜெய்சங்கர் 2007-இல் தொடங்கிய ஆய்விதழ், இணையக் குற்றவியல் ஒரு தனிப் படிப்பாக உலக அளவில் நிலைபெற வழிவகுத்தது. வேலூரில் 1979 முதல் இயங்கும் சிறைத்துறைப் பயிற்சி நிறுவனத்தில் தென் மாநிலங்களின் சிறை அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள். இவ்வளவும் இருந்தும், குற்றவியல் முதுகலை படித்த ஒருவருக்குப் போலீஸ் தேர்வு எழுது என்பதைத் தவிர வேறு ஆலோசனை சொல்ல நம் சமூகத்துக்குத் தெரியவில்லை.

சட்டமோ அவர்களுக்கான வேலையை எழுதியே வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஒரு சிறுவன் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டால் 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போக வேண்டும். தாயிடம் பேச வேண்டும். பள்ளியை எப்போது, ஏன் விட்டான் என்று அறிய வேண்டும். தெருவில் யாரோடு திரிந்தான், யார் அவனை வேலைக்கு இழுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். சிறுவனை வீட்டுக்கு அனுப்புவதா, கூர்நோக்கு இல்லத்தில் வைப்பதா என்ற முடிவில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. நடைமுறையில், தலைக்கு மேல் வேலை உள்ள ஓர் அலுவலர் நான்கு பக்கப் படிவத்தை ஒரே மாதிரி வார்த்தைகளால் நிரப்பி அனுப்பும் நிலை பல இடங்களில் இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று மேசைகள் இருந்திருக்க வேண்டும்.

மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதுபோன்ற பின்னணி அறிக்கையின் தேவையைத் தூக்குத் தண்டனை வழக்குகளுக்கும் விரிவுபடுத்தியது. குற்றவாளியின் குடும்பப் பின்னணி, கல்வி, மனநலம், சிறைக்குள் நடத்தை ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளைத் தண்டனை விதிக்கும் முன்பே நீதிமன்றம் பெற்றுப் பார்க்க வேண்டும் என்றது. ஓர் உயிரை எடுப்பதா வேண்டாமா என்பதற்கான அறிக்கை அது. அதை எழுதப் பயிற்சி பெற்றவர்கள் குற்றவியலும் சமூகப் பணியும் உளவியலும் படித்தவர்கள்தான்.

இந்தப் படிப்புக்கு ஓர் இருண்ட வரலாறும் உண்டு. மாணவர்கள் அதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும். குற்றம் ரத்தத்தில் வருகிறது, பரம்பரையில் வருகிறது என்று சொன்ன பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனைகள் நிலவிய காலத்தில்தான் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்தியாவில் எழுதப்பட்டது. 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது சென்னை மாகாணத்தில் கடுமையாக அமலானது. விரல்ரேகை பதித்து, இரவில் காவல் நிலையத்தில் வந்து தங்கச் சொன்ன அந்தச் சட்டத்தை மதுரை மாவட்டத்து மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்து நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உள்ளிட்ட பலர் உயிரிழந்தார்கள். உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் 1897-இல் கல்கத்தாவில் அமைந்ததைப் பெருமையாகப் படிக்கும் மாணவர், அதே ரேகை ஒரு சமூகத்தின் மேல் எப்படி ஏவப்பட்டது என்பதையும் படிக்க வேண்டும். கைதானவர்களின் விரல்ரேகை, விழித்திரைப் பதிவு, உயிரியல் மாதிரிகள் ஆகியவற்றை எடுத்து 75 ஆண்டுகள் வரை வைத்திருக்க வழிசெய்யும் 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. டிஎன்ஏ பயன்பாட்டை ஒழுங்குபடுத்த வந்த டிஎன்ஏ தொழில்நுட்ப மசோதாவோ 2023-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று கேள்வி கேட்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். கருவியை இயக்கத் தெரிந்தால் மட்டும் அந்தக் கேள்வி வராது.

யாருடைய ஆள்?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, நேரில் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையை நினைவுபடுத்திக்கொள்வோம். காவல் நிலையத் தடிகளிலும் மேசையிலும் ரத்தக் கறை இருப்பதாக ஒரு பெண் தலைமைக் காவலர் அவரிடம் சொன்னார். கேமராவின் வன்தட்டில் ஒரு டெராபைட் இடமிருந்தும் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அங்கே சேகரிக்கப்பட்ட ரத்தக் கறைகளின் டிஎன்ஏ ஆய்வு பின்னர் சிபிஐ வழக்கில் முக்கியச் சான்றானது. சம்பவ இடமே காவல் நிலையமாக இருக்கும்போது, தடயம் எடுக்கப் போகிறவர் யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்பட்டவர் என்பது உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை காவல் துறையின் கிளையாக இல்லாமல், உள்துறையின் கீழ் தனித் துறையாக இருக்கிறது. இது நல்ல ஏற்பாடு, காக்கப்பட வேண்டிய ஏற்பாடு. ஆனால் ஏற்பாடு மட்டும் போதாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆய்வகத்தில் ஒரு வேதியியலாளர் பல மாதிரிகளைச் சோதிக்காமலே சோதித்ததாக எழுதிக்கொடுத்துவந்தார். வேகமாக முடிவு தருகிறார் என்று பெயரும் வாங்கினார். அவர் சிறைக்குப் போன பிறகு, 2017-இல் 21,000-க்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகள் தள்ளுபடியாயின. நம் ஊரிலும் அரசு ஆய்வக அறிக்கையை, வல்லுநரை நேரில் அழைக்காமலே சாட்சியமாக ஏற்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு கனம். அதைப் போடுகிறவர், விசாரணை அதிகாரி தொலைபேசியில் அழைத்து, ‘சார், இதுல பாசிட்டிவ் வந்தா நல்லா இருக்கும்’ என்று சொல்லும்போது, முடிவு வந்ததும் அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நார்கோ பகுப்பாய்வு, பொய் கண்டறியும் சோதனை ஆகியவற்றைச் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று 2010 மே 5-இல் உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் சொன்னதையும், ஏன் சொன்னது என்பதையும் தெரிந்தவராக இருக்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஆதரவாக முடிவு வந்தாலும் அதே எழுத்தில், அதே கையெழுத்தோடு எழுதுகிறவராக இருக்க வேண்டும். இதைப் பாடத்திட்டத்தில் ஓர் அலகாக வைத்துத் தேர்வில் பத்து மதிப்பெண் கொடுத்தால் வராது. வேலை பார்த்து ஓய்வுபெற்ற விஞ்ஞானிகளையும் குற்றவியல் வழக்கறிஞர்களையும் வகுப்பறைக்கு அழைத்து, மாணவரைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து பழக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. தடய அறிவியல் துறைக்கான பணியிடங்களைப் புதிய சட்டத்தின் தேவைக்கேற்ப மறுகணக்கிட்டு உயர்த்த வேண்டும். டிஎன்பிஎஸ்சியின் ஆண்டுத் திட்ட அட்டவணையில் இளநிலை அறிவியல் அலுவலர் தேர்வு ஆண்டுதோறும் இடம்பெற வேண்டும். நன்னடத்தை அலுவலர் நியமனத்தில் குற்றவியல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தந்து, வழக்குகளின் எண்ணிக்கைக்கேற்ப ஆட்களை நியமிக்க வேண்டும். ஆய்வகம் இல்லாத கல்லூரிகளுக்குத் தடய அறிவியல் வகுப்பு நடத்தும் அனுமதியைப் பல்கலைக்கழகங்கள் திரும்பப் பெற வேண்டும். துறையின் வட்டார ஆய்வகங்கள் மதுரையிலும் கோவையிலும் நெல்லையிலும் சேலத்திலும் இருக்கின்றன. முதுநிலை மாணவர்களுக்கு அங்கே ஆறு மாதப் பயிற்சி தரலாம். மாணவர் கற்பார், ஆய்வகத்துக்கும் கைகள் கிடைக்கும்.

மாநிலங்களுக்குச் சட்டம் கொடுத்த ஐந்தாண்டு அவகாசம் 2029-இல் முடிகிறது. 2026-இல் இளநிலை அறிவியலில் சேர்கிற மாணவர் பட்டம் பெறுவதும் அதே ஆண்டில்தான். அவருக்கான பணியிடத்தை உருவாக்கும் அரசாணை இப்போதே வர வேண்டும்.